'அஃப்ரெய்ட்': அஞ்சாதவர் எழுதும் அச்சம்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளே திரும்ப வந்து நிற்கின்றன. எழுத்துப் பிழைகளை அகராதி பார்த்துக்கொள்ளும். 'அஞ்சிய' என்று அகராதி பொருள் தரும் 'அஃப்ரெய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் நேரும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வருத்தத்தை அச்சமாகப் படிப்பது

வணிகக் கடிதத்தில் ஒரு வாக்கியம் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கினால், எழுதியவர் பெரும்பாலும் எதற்கும் அஞ்சவில்லை. மறுப்பை முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதிருக்க, நாம் 'மன்னிக்கவும்' என்று தொடங்குவதைப் போலத் தொடங்குகிறார். இதை அறியாத நாளில், ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு வந்த கடிதத்தில், '15ஆம் தேதிக்குப் பின் வரும் சரக்கை ஏற்க இயலாது' என்று நான் எழுதியிருக்க வேண்டிய வரியை, 'ஏற்க இயலாமற்போகுமோ என அஞ்சுகிறோம்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த 'மோ'வை நம்பி அவர் ஐந்து நாள் தாமதமாக அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அதன்பின் வேலையும் தரவில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவர் அதே 'அஞ்சுகிறோம்' என்பதை எழுதிவிட்டு, "அகராதியில் அப்படித்தானே சார் இருக்கிறது?" என்றார். அதே அகராதியில் நான்கு வரி கீழே இறங்க அவருக்குப் பொறுமையில்லை. அடுத்து வருவது முடிந்துபோன செய்தியா, நேரக்கூடிய ஆபத்தா என்று பாருங்கள்: முன்னதாயின் வருத்தம், பின்னதாயின் பெரும்பாலும் அச்சம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் சோ' என்ற விடைக்குப் பொருள், 'ஆம், என்ன செய்வது' என்பதே.

நாய்க்குப் பயம்

தமிழில் நாய்க்குப் பயப்படுகிறோம். அந்த 'கு' உருபை அப்படியே கொண்டுபோய் 'அஃப்ரெய்ட் ஃபார்' என்று எழுதினால், நாய்க்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று நாம் கவலைப்படுவதாகப் பொருளாகிவிடும். அங்கே வரவேண்டியது 'ஆஃப்'.

'அஃப்ரெய்ட் பாய்'

கூடாது. 'ஃப்ரைட்டன்ட் பாய்' என்க.

'அஃப்ரெய்டிங்'

அப்படியொரு சொல் இல்லை. 'அஃப்ரே' என்ற பழைய வினையின் எச்சமே 'அஃப்ரெய்ட்', அவ்வினை வழக்கொழிந்துவிட்டது. அதே வடிவிலுள்ள பெயர்ச்சொல்லோ, பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைக்கும் குற்றத்தின் பெயராக, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 159ஆம் பிரிவில் இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 194ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.