ஓவர்டோஸ் மரணங்களைத் தடுக்க வரும் பணம்: எங்கெல்லாம் வழி தவறுகிறது?

அமெரிக்காவில் ஓவர்டோஸால், அதாவது போதைப்பொருள் அளவு மீறி, இறப்பவர்களின் எண்ணிக்கை 2021, 2022, 2023 என வரிசையாக மூன்று ஆண்டுகளும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு ஓபியாய்டுகளால், அதாவது ஃபெண்டனில் போன்ற, அபின் மாதிரி வேலை செய்யும் மருந்துகளால். 2024இல் அது சுமார் 80 ஆயிரமாக இறங்கியிருக்கிறது. இதைத் தடுக்கக் காசு இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஓபியாய்டு வலி மாத்திரைகளைத் தயாரித்தவர்கள், மொத்தமாக விநியோகித்தவர்கள், கடையில் விற்றவர்கள் என்று எல்லோர் மீதும் மாநிலங்களும் கவுண்டிகளும் (மாவட்டம் மாதிரியான உள்ளாட்சிகள்) வழக்குப் போட்டு, 5,000 கோடி டாலருக்கு மேல் செட்டில்மெண்ட் (சமரச இழப்பீடு) பேசி முடித்திருக்கின்றன. 2021இல் அறிவித்த ஒரே ஒப்பந்தத்தில், மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆகிய நான்கு நிறுவனங்கள் மட்டும் 2,600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன. சிக்கல் அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தில்தான்.

ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு, ஏற்கனவே பட்ஜெட்டில் இருந்த செலவை இந்தப் பணத்துக்கு மாற்றிவிடுவது. போலீஸ் ரோந்து வண்டி, வயர்லெஸ், ஏற்கனவே வேலையில் இருப்பவரின் சம்பளம், கவுண்டியின் பழைய கடன் என்று போய்விடும். வண்டிக்கும் ஓவர்டோஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதில் ஒரு நலோக்சோன் மருந்து டப்பா இருக்கிறதே என்ற பதில் தயாராக இருக்கும். 1998இல் சிகரெட் கம்பெனிகளோடு 20,600 கோடி டாலருக்குப் பேசிய ஒப்பந்தத்தில் இதுதான் நடந்தது. வந்த பணத்தில் புகைப்பழக்கத் தடுப்புக்குப் போனது சொற்பம், மற்றதெல்லாம் மாநில பட்ஜெட்டின் ஓட்டைகளை அடைத்தது. அந்த அனுபவத்தால்தான் இந்தத் தடவை 85 சதவீதமாவது ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே போக வேண்டும் என்று எழுதி, எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று நீளமான பட்டியலும் சேர்த்தார்கள். ஆனால் பட்டியல் அவ்வளவு தாராளமானது, சாமர்த்தியம் இருந்தால் எதையும் அதற்குள் நுழைத்துவிடலாம். அதனால் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, இந்தப் பணம் வராவிட்டாலும் இந்தச் செலவு நடந்திருக்குமா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அது தடுப்பு வேலை இல்லை.

அடுத்தது நலோக்சோன். ஓபியாய்டு ஓவர்டோஸில் மூச்சு நின்றுகொண்டிருப்பவரை மீட்கும் மருந்து. இதில் இரண்டு விதமாகக் கோட்டை விடுகிறார்கள். ஒன்று விலை. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே 2023இல் மருந்துச்சீட்டு இல்லாமலே கடைக்கு வந்தபோது இரண்டு டோஸ் பெட்டி சுமார் 45 டாலர். தசையில் போடும் ஊசி மருந்தோ, ரெமெடி அலையன்ஸ் மாதிரி லாபநோக்கமற்ற வழியில் மொத்தமாக வாங்கினால், ஒரு குப்பி சில டாலர்தான். ஒரு சின்னப் பையில் 0.4 மில்லிகிராம் குப்பி இரண்டு மூன்று, அதே எண்ணிக்கையில் சிரிஞ்ச், ஒரு விளக்கச் சீட்டு. தொடையில் துணிக்கு மேலேயே குத்தலாம். ஊசி என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று பணம் ஒதுக்கும் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். தினமும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அதில் என்ன பயம்? இன்னும் சிலர், ஃபெண்டனில் வீரியம் அதிகம் என்று 8 மில்லிகிராம் ஸ்ப்ரேயை வாங்குகிறார்கள். நியூயார்க் மாநிலப் போலீசார் 4 மில்லிகிராமையும் 8 மில்லிகிராமையும் களத்தில் பயன்படுத்தியதை ஒப்பிட்டுப் பார்த்ததில், உயிர் பிழைத்தவர்கள் விகிதத்தில் வித்தியாசம் இல்லை, வாந்தியும், போதை திடீரென்று அற்றுப்போவதால் வரும் மற்ற அவதிகளும்தான் கூடின.

இரண்டாவது, யார் கையில் கொடுக்கிறோம் என்பது. நீதிமன்றச் சுவரில் பளபளவென்று ஒரு பெட்டி மாட்டிப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் ஒருவர் மயங்கி உதடு நீலம் பாயும்போது பக்கத்தில் இருப்பவர் அநேகமாக அவரோடு சேர்ந்து போதை எடுத்தவர், இல்லாவிட்டால் அவர் வீட்டில் இருப்பவர். சிகாகோவில் டான் பிக் என்பவரும் அவருடைய அமைப்பும் 1996இலேயே நலோக்சோனை நேராகப் போதை எடுப்பவர்கள் கையில் கொடுக்கத் தொடங்கியது இதனால்தான். மாசசூசெட்ஸில் இப்படிப் பயிற்சியோடு மருந்தை அதிகம் பேருக்குக் கொடுத்த ஊர்களில் ஓவர்டோஸ் மரண விகிதம் குறைவாக இருந்ததாக 2013இல் வந்த ஆய்வு காட்டியது.

சரி, அந்தக் கைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் யார்? போதை ஊசி போடுபவர்களுக்குப் பழைய வேனில் போய், பயன்படுத்திய சிரிஞ்சுக்குப் புதியது மாற்றிக்கொடுக்கும் நான்கைந்து பேர் கொண்ட சின்ன அமைப்புகள்தான். அவர்களுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, நீங்கள் முதலில் செலவு செய்யுங்கள், பில் அனுப்புங்கள், பிறகு தருகிறோம் என்று சொல்வது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. வங்கியில் இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காசு இல்லாதவர்கள் எதை வைத்து முதலில் செலவழிப்பார்கள்? ஜனவரியில் வாங்கிய பொருளுக்கான காசு மே மாதம் வந்தால், நடுவில் வேன் நின்றுவிடும், இல்லாவிட்டால் ஓட்டுபவர் சம்பளமில்லாமல் ஓட்டுவார். காப்பீடு, தணிக்கை, நாற்பது பக்க விண்ணப்பம் எல்லாம் சேர்ந்தால், ஆலோசகர் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கே கிராண்ட் (மானியம்) போகும். முன்பணம் கொடுங்கள், விண்ணப்பத்தைச் சுருக்குங்கள். கணக்கு வழக்கைப் பெரிய அமைப்பு ஒன்று பார்த்துக்கொள்ளலாம், முடிவு எடுப்பது சின்ன அமைப்பிடமே இருக்கட்டும். இன்னொன்று, சிரிஞ்சை மத்திய அரசின் பணத்தில் வாங்கக் கூடாது. செட்டில்மெண்ட் பணத்துக்கு மத்திய அரசின் அந்தத் தடை கிடையாது, மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் போதும். இது தெரியாமலே நிறையப் பேர் பயந்து ஒதுங்குகிறார்கள்.

சிகிச்சை என்ற பெயரில் மருந்தில்லாத மறுவாழ்வு இல்லங்களுக்கு அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. சில வாரம் உள்ளே இருந்து வெளியே வருபவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிறையிலிருந்து வருபவர்களுக்கும் இதே கதை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸ் மரண ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்ததாக 2007இல் கண்டார்கள். ரோட் ஐலண்ட் 2016இல் சிறைக்குள்ளேயே ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்துகளான மெத்தடோன், ப்யூப்ரெனோர்ஃபின், நால்ட்ரெக்ஸோன் மூன்றையும் கொடுக்கத் தொடங்கியது. விடுதலையானவர்களிடையே ஓவர்டோஸ் மரணம் ஒரே ஆண்டில் சுமார் 60 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தும் வீடியோ காட்டுவதற்கு ஒதுக்கும் தொகையை இங்கே திருப்பினால் எவ்வளவோ மேல்.

அவசரமும் ஒரு தவறுதான். கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹாயோ ஆகிய நான்கு மாநிலங்களில் 67 இடங்களில், 34 கோடி டாலருக்கு மேல் செலவில் நடந்த, ஊர்க்காரர்களை வைத்துத் தடுப்பு வேலை செய்து பார்த்த ஹீலிங் கம்யூனிட்டீஸ் ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. இந்த வேலை நடந்த ஊர்களுக்கும் ஒப்பிட்ட மற்ற ஊர்களுக்கும் இடையே மரணங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடனே, பார்த்தீர்களா, ஊர்க்காரர்களை வைத்துச் செய்தால் ஒன்றும் நடக்காது என்று கிளம்பினார்கள். உள்ளே படித்தால் தெரியும், ஊர்கள் தேர்ந்தெடுத்த 615 வேலைகளில், ஒப்பிடும் ஆண்டு தொடங்கும் நேரத்தில் 235 மட்டுமே தொடங்கியிருந்தன. நடுவில் கொரோனா வேறு. ஆள் பிடித்து, சிறை அதிகாரியைச் சம்மதிக்கவைத்து, மருந்துக்கடையோடு பேசி முடிக்கவே ஒரு வருடம் ஓடிவிடும். ஒரு வருட கிராண்ட் கொடுத்துவிட்டு மரணம் குறைந்ததா என்று கேட்பது நியாயமில்லை.

அதேபோல, மொத்த எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று கையை எடுத்துவிடவும் கூடாது. இறக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. வெள்ளையர்களிடையே முதலில் குறைந்தது, கறுப்பினத்தவரிடையேயும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடையேயும் விகிதம் இன்னும் உயரத்தில் நிற்கிறது. எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று மட்டும் எண்ணாமல், எந்தத் தெருவில், யாருக்கு என்று எண்ணினால்தான் இது கண்ணில் படும்.

வட கரோலினாவில் செட்டில்மெண்ட் பணத்தில் 85 சதவீதம் உள்ளாட்சிகளுக்கே வருகிறது. ஒவ்வொரு செலவுக்கும் கவுண்டி தனித் தீர்மானம் போட வேண்டும்: எந்த வேலைக்கு, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று. அங்கே கேரி, மோரிஸ்வில் ஊர்கள் பக்கம் இருக்கும் நம்மவர்கள் அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கி, சென்ற ஆண்டு பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.