கர்ப்பகால பிபியும் ஃபிட்ஸும்: லேபர் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒரு செய்முறை

ஹை ரிஸ்க் கர்ப்பம் என்று வார்டில் சொல்கிற பட்டியலில் ரத்தசோகை, சர்க்கரை, இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, முந்தைய சிசேரியன் என்று நிறைய உண்டு. இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: பிபி ஏறி (பிரி-எக்லாம்ப்சியா) ஃபிட்ஸ் வருவது (எக்லாம்ப்சியா). டாக்டர் வந்து சேர்வதற்கு முன்பு நர்ஸ் செய்கிற வேலைதான் இதில் தாயின் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படியிருந்தும், ஃபிட்ஸைத் தடுக்கிற மேக்சல்ஃப் (மேக்னீசியம் சல்ஃபேட்) ஊசி போட ஆர்டர் கையில் இருக்கும்போதே புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்த் தள்ளிப்போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிட்டுப் போட்டால் பயப்பட வேண்டிய மருந்தே இல்லை அது. 1995இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஃபிட்ஸ் வந்தவர்களுக்கு டையசிபாமை விடவும் ஃபெனிடாயினை விடவும் இதுவே மேல் என்று காட்டியது, 2002இல் மேக்பை ஆய்வு, ஃபிட்ஸ் வராமலே தடுப்பதிலும் இது ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. டாக்டரின் ஆர்டரும் உங்கள் ஆஸ்பத்திரியின் புரோட்டோகாலும்தான் இறுதி, அதைக் கையால் எப்படிச் செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

படி 1: பிபியை ஒழுங்காகப் பாருங்கள்

பஸ்ஸில் வந்து இறங்கி மாடியேறி மூச்சு வாங்க நிற்கிறவருக்கு உடனே கஃப் கட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிந்திருக்க வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கை பருமனாக இருந்தால் பெரிய கஃப் எடுங்கள், சின்ன கஃப் பிபியைக் கூட்டிக் காட்டும். மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், இந்த நோயில் சில மெஷின்கள் குறைத்துக் காட்டும், அதனால் சந்தேகமிருந்தால் ஸ்டெத் வைத்துப் பாருங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 160/110 என்றால் காத்திருக்கிற கதையே இல்லை, 15 நிமிடத்துக்குள் திரும்பப் பார்த்து டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு எண்ணில் ஒன்று அந்த அளவைத் தொட்டாலும் போதும்.

சிறுநீரில் புரதம் பார்க்க டிப்ஸ்டிக் முக்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், புரதம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

படி 2: கேளுங்கள், ஆனால் அவர்கள் பேச்சில் கேளுங்கள்

"பார்வைக் கோளாறு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஏம்மா, கண்ணு மங்குதா, பூச்சி பறக்குற மாதிரி, மின்னுற மாதிரி தெரியுதா?" என்று கேட்டுப் பாருங்கள். விடாத தலைவலி, வாந்தி, சிறுநீர் குறைவது, ஒரே நாளில் முகம் வீங்குவது, மோதிரம் கழற்ற முடியாமல் இறுகுவது, எல்லாம் கேளுங்கள். இவற்றில் அதிகம் ஏமாற்றுவது மேல்வயிற்று வலி. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலிப்பதை "கேஸ் சிஸ்டர், காலையில சாப்பிடல" என்பார்கள், கூட வந்த அம்மாவும் ஆமாம் என்பார், நாமும் ரானிடிடின் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. கல்லீரல் பாதிக்கப்பட்டாலும் அப்படித்தான் வலிக்கும். பிபியோடு இந்த வலி சேர்ந்திருந்தால் பிளேட்லெட், எல்எஃப்டி (கல்லீரல் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்.

படி 3: மேக்சல்ஃப் லோடிங் டோஸ் (முதலில் மொத்தமாகக் கொடுக்கும் டோஸ்)

முதலில் ஆம்பூல் லேபிளைப் படியுங்கள். நம்மிடம் பொதுவாக வருவது 50% மருந்து, 2 மி.லி.யில் 1 கிராம். பக்கத்தில் இருக்கிற இன்னொரு நர்ஸிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு உடையுங்கள்.

நரம்பில் போடுவது 4 கிராம்: 4 ஆம்பூல், அதாவது 8 மி.லி. எடுத்து, 12 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். இதை மெதுவாக, 5 நிமிடத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். தொடங்கும் முன் "உடம்பெல்லாம் சூடு பரவும்மா, வேர்க்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுங்கள், சொல்லாமல் போட்டால் ஏற்கெனவே மிரண்டிருப்பவர் இன்னும் மிரண்டுபோவார்.

அடுத்து பிட்டத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 கிராம், அதாவது 10 மி.லி. அதே சிரிஞ்சில் 2% லிக்னோகெய்ன் 1 மி.லி. சேர்த்துக்கொண்டால் வலி குறையும். மேல் வெளிப்பக்கத்தில், நீள ஊசியால் ஆழமாகப் போடுங்கள்.

நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், பிட்டத்தில் போடும் அந்த 10 கிராமை மட்டும் கொடுத்துவிட்டு 108-ல் ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம். கூடவே ஒரு நர்ஸ் போக வேண்டும். ரெஃபரல் சீட்டில் எத்தனை கிராம், எந்த வழியில், எத்தனை மணிக்கு என்பதைப் பெரிதாக எழுதுங்கள், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி லோடிங் போட்டுவிட வாய்ப்புண்டு.

படி 4: ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் மூன்று விஷயம்

அடுத்தடுத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. ஆர்டரில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மேக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், சிறுநீர் வராவிட்டால் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். முதலில் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக உதறுவது) போகும், இன்னும் ஏறினால்தான் மூச்சு அடங்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

சிறுநீர்: கதீட்டர் போட்டு யூரோபேக்கில் மணிக்கு 30 மி.லி.யாவது இறங்குகிறதா என்று பாருங்கள். பையைத் தூக்கிப் பார்த்து உத்தேசமாக எழுதாமல் மணிக்கு மணி அளந்து எழுதுங்கள்.

மூச்சு: நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. எண்ணப் போகிறேன் என்று சொல்லாமல், நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணுங்கள்.

ரிஃப்ளெக்ஸ்: புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். உங்கள் இடது முன்கையை அவருடைய முழங்காலுக்கு அடியில் கொடுத்துச் சற்றே தூக்குங்கள், கால் தளர்ந்து உங்கள் கைமேல் கனமாகக் கிடக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே குழிவாக இருக்கிற இடத்தில் சுத்தியலாலோ உள்ளங்கை ஓரத்தாலோ தட்டுங்கள். விறைத்துக்கொண்டால் இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்டுங்கள், கவனம் அங்கே போனதும் கால் தளர்ந்துவிடும். முதுகில் ஸ்பைனல் மயக்க ஊசி கொடுத்தவர்களுக்குக் காலில் தேடாதீர்கள், முழங்கை மடிப்பில் பாருங்கள்.

மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் டோஸை நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு தடுமாறினால் கால்சியம் குளுக்கோனேட் 10%, 10 மி.லி., அதாவது 1 கிராம், நரம்பில் மெதுவாக, கூடவே ஆக்ஸிஜன். அந்த ஆம்பூல் ஸ்டோரில் இருந்தால் பயனில்லை, கட்டில் பக்கத்து டிரேயில் சிரிஞ்சோடு இருக்க வேண்டும்.

படி 5: ஃபிட்ஸ் வந்துவிட்டால்

சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், அவரை விட்டு நகராதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கக் கம்பியை ஏற்றுங்கள், கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கடித்த வாய்க்குள் ஸ்பூனோ துணியோ திணிக்கக் கூடாது, உறவினர்கள் இரும்பைக் கையில் கொடுக்க ஓடி வருவார்கள், அன்பாகச் சொல்லி விலக்குங்கள். துள்ளல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அடங்கும். அடங்கியதும் சக்‌ஷன், மாஸ்க்கில் ஆக்ஸிஜன், ஐவி லைன், அப்புறம் மேக்சல்ஃப். குழந்தையின் இதயத்துடிப்பு அப்போது குறைந்திருக்கும், பதற வேண்டாம், தாய் தெளிந்தால் பெரும்பாலும் அதுவும் ஏறும். லோடிங் போட்டு 15 நிமிடம் கழித்தும் ஃபிட்ஸ் வந்தால் இன்னும் 2 கிராம் நரம்பில் போடச் சொல்வார்கள்.

பிபியைக் குறைக்க லேபெட்டலால் நரம்பில் 20 மி.கி., அல்லது நிஃபெடிபின் 10 மி.கி. வாய்வழி. ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் லேபெட்டலால் போடாதீர்கள். நிஃபெடிபினை நாக்குக்கு அடியில் வைக்கிற பழைய பழக்கம் வேண்டாம், பிபி சடாரென்று விழுந்தால் குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். டிரிப்பையும் வேகமாக ஓடவிடாதீர்கள், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பிரசவத்துக்குப் பிறகு

குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க மெத்தர்ஜின் போடக் கூடாது, அது பிபியை ஏற்றும். ஆக்ஸிடோசின்தான். மேக்சல்ஃப் பிரசவத்துக்குப் பிறகோ கடைசி ஃபிட்ஸுக்குப் பிறகோ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் தொடரும்.

பிபி திரும்ப ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அதாவது சுகப்பிரசவம் என்றால் வீட்டுக்குப் போன பிறகு. அதனால் டிஸ்சார்ஜ் அன்று தாயிடம் மட்டும் சொல்லாதீர்கள், குழந்தையை மடியில் வைத்திருக்கிற பாட்டியிடமும் கணவரிடமும் சொல்லுங்கள்: தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், பிபி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அந்த வாரத்திலேயே கிராம சுகாதார செவிலியர் பிபி பார்க்கிற நாளைக் கேட்டு, அவர்கள் கண்முன்னே அட்டையில் எழுதிக் கொடுங்கள்.