சுவிசேஷக் கதையைக் குழுவாகப் படிக்க: பர்திமேயுவை வைத்து ஒரு செய்முறை

வீட்டு ஜெபக் கூட்டங்களில் வேதபாடம் என்றால் பெரும்பாலும் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படியில்லாமல் எல்லாரும் சேர்ந்து கதைக்குள் போவதற்கு எங்கள் குழுவில் பலன் தந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்டர் கூடவே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கூச்சப்படுகிறவர்கள் பெரிய வட்டத்தில் கடைசிவரை வாயே திறக்க மாட்டார்கள். முதல் கதைக்கு மாற்கு 10:46-52. எரிகோ ஊரின் வழியோரம் பிச்சையெடுத்த குருடன் பர்திமேயு, கூட்டம் அதட்டியும் விடாமல் இயேசுவைக் கூப்பிட்டுப் பார்வை பெறும் கதை. ஏழே வசனம்தான்.

1. தாள்

அந்த ஏழு வசனங்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். மொபைல் செயலி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தாளில் கோடு போடலாம், ஓரத்தில் கேள்விக்குறி போடலாம். விளக்கவுரைப் புத்தகங்களையும் மூடியே வையுங்கள். அவற்றைத் திறந்ததுமே குழு யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

2. வாசிப்பு

பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறை, 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ஒருமுறை வாசியுங்கள். அப்புறம் தாளைக் கவிழ்த்துவிட்டு ஒருவர் கதையைத் தன் பேச்சில் சொல்லட்டும். விட்டதை மற்றவர்கள் சேர்க்கட்டும். அநேகமாக விட்டுப்போவது, இயேசு அழைத்ததும் பர்திமேயு எறிந்துவிட்டு வந்த மேல் வஸ்திரம். பார்வை கிடைத்த இடத்துக்கே எல்லாரும் ஓடுவார்கள்.

3. கேள்வி

குழுக்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "இதில் நமக்கு என்ன பாடம்?" என்று ஆரம்பித்தால் "விசுவாசம் வேண்டும்", "விடாமல் ஜெபிக்க வேண்டும்" என்று பதில் வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். கதையை வாசிக்காமலே சொல்லிவிடக்கூடிய பதில்கள் இவை. வசனத்தின்மேல் விரல் வைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

அவனை அதட்டியது யார்? "திடன்கொள், எழுந்திரு" என்றது யார்? இரண்டு இடத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். பேசாதே என்று அதட்டிய கூட்டமே அடுத்த வசனத்தில் அவனைத் தேற்றுகிறது. இடையில் இயேசு நின்றார், அவனை அழைத்துவரச் சொன்னார்.

அடுத்து வஸ்திரம். யாத்திராகமம் 22:26-27-ஐ ஒருவர் வாசிக்கட்டும். அடகு வாங்கிய வஸ்திரத்தைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, ஏழைக்குப் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது என்கிறது சட்டம். பர்திமேயு அதை எறிந்தது பார்வை வருவதற்கு முன்பு. எறிந்தது எங்கே விழுந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இந்த இடத்தில் சிறிது நேரம் நில்லுங்கள்.

கடைசியாக, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்ற கேள்வியை இயேசு இதே அதிகாரத்தில் வேறு யாரிடம் கேட்கிறார்? இதற்கு மட்டும் வேதாகமத்தைத் திறக்கலாம். 36-ஆம் வசனத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்கிறார். அவர்கள் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். வழியோரம் பிச்சையெடுத்தவன் பார்வை கேட்டான். குழுவில் யாராவது கண்டுபிடிக்கும்வரை இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டபின் அமைதியாக இருங்கள். ஒரு கீர்த்தனையின் பல்லவியை மனசுக்குள் பாடி முடிக்கும்வரை பொறுத்தால் யாராவது பேசுவார்கள்.

4. நமக்கு

இயேசு அதே கேள்வியை இன்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? விருப்பமுள்ளவர்கள் மட்டும் சொன்னால் போதும். சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஜெபித்து முடியுங்கள்.

பின்சேர்க்கை: மத்தேயு 20-இல் இரண்டு குருடர்கள் வருகிறார்களே, லூக்காவில் எரிகோவுக்குச் சமீபமாய் வரும்போதே இது நடக்கிறதே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது எனச் சிலர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, அடக்கிவிடாதீர்கள். தனித் தாளில் குறித்து வைத்து, இன்னொரு வாரம் மூன்று சுவிசேஷங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். கேள்வி வந்த அன்றைக்கு மாற்கு சொல்வதை முழுசாகக் கேட்டு முடியுங்கள்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் குழுவில் இருந்தால் தாளே வேண்டாம், மூன்றுமுறை வாசித்துக் காட்டுங்கள். கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். அடுத்த வாரத்துக்கு லூக்கா 19:1-10, சகேயு. அதுவும் எரிகோதான், அங்கேயும் ஜனக்கூட்டம் குறுக்கே நிற்கிறது.