பிரியாணி வெங்காயம்: கண் கரிக்காமல் நறுக்குவது எப்படி?

ஆம்பூர் பக்குவத்தில் ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு அரைக் கிலோ பெரிய வெங்காயமாவது மெல்லிசாகச் சீவ வேண்டும். தயிர்ப் பச்சடிக்குத் தனி. நாலாவது வெங்காயத்திலேயே கண் பொங்கினால் மிச்சமெல்லாம் கோணல்மாணலாக விழும். பொரிக்கும்போது மெல்லிசு கருகும், தடிப்பு வேகாது.

வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலக்கின்றன. இரண்டாவது நொதி ஒன்று அதைக் காரமான வாயுவாக்குகிறது. இந்த இரண்டாம் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டறிந்தார்கள். வாயு கண்ணை எட்டாவிட்டால் தண்ணீரும் வராது. செய்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. தோலோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் நொதி மந்தமாகும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ச் சமையலறையில் இதை விடவே கூடாது. ஃப்ரீசர் வேண்டாம், உறைந்து கொழகொழத்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் தோலுரித்து இரண்டாகப் பிளந்து பத்து நிமிடம் தண்ணீரில் போடலாம். ஆனால் துணியால் துடைத்துவிட்டு நறுக்குங்கள். ஈரத்தோடு கை வழுக்கும், எண்ணெயும் தெறிக்கும்.

2. கத்தி கூராக இருக்கட்டும். மொக்கைக் கத்தி செல்களை நசுக்கிச் சாற்றைத் தெறிக்க வைக்கும். சாணை பிடிப்பவர் தெருவுக்கு வராவிட்டால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் கத்தியைச் சாய்த்து இருபுறமும் பத்துப் பத்து முறை இழுங்கள்.

3. மேல் முனையை வெட்டித் தோலுரியுங்கள். வேரைத் தொடாதீர்கள். வேர் வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் உடனே பலகையில் கவிழ வேண்டும். வேருக்கு அரை விரல் முன்னே நிறுத்தி நீளவாக்கில் சீவுங்கள். கடைசியில் வேரை ஒரே வெட்டில் எடுத்தால் துண்டுகள் உதிர்ந்துவிடும்.

4. பலரும் கோட்டை விடும் இடம் காற்று. சீலிங் ஃபேன் காற்றைக் கீழே அடித்துச் சுழற்றி, வாயுவை முகத்துக்கே கொண்டுவரும். அதை அணைத்துவிடுங்கள். டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வைத்தாலும் பயனில்லை. உடம்பு மறைத்து, முன்னால் காற்று சுழன்று திரும்பும். பக்கவாட்டில், பலகை உயரத்தில், மெதுவான வேகத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது ஃபேன் அடுப்பின் பக்கம் வீசக் கூடாது.

அருவாமணை பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: முகம் நேராக வெங்காயத்துக்கு மேலேயே இருக்கும், அதனால் கரிப்பு கூடுதல். அரைக் கிலோவுக்கு மேல் என்றால் கத்தியும் பலகையும்தான் தோது. அருவாமணையேதான் என்றால் திண்ணையில், காற்று குறுக்கே வீசும்படி உட்காருங்கள்.

நறுக்கியதைத் திறந்து குவிக்காமல் தட்டால் மூடுங்கள். குவியலும் வாயு விடும். வாயில் தீக்குச்சி, ரொட்டித் துண்டு எல்லாம் வேலைக்கு ஆகாது. சாதாரண மூக்குக்கண்ணாடிக்கு ஓரம் திறந்திருக்கும், அரைகுறைப் பாதுகாப்புதான். நீச்சல் கண்ணாடி தாங்கும், பார்ப்பவர் சிரிப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மீறிக் கரித்தால் கண்ணைக் கசக்காதீர்கள், கையிலும் சாறு இருக்கும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு குளிர்ந்த நீரைக் கண்ணில் அடித்துக்கொண்டு, இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள்.