ஸ்பிண்டில் ஓடினால் அலாரம்: என் சிஎன்சி ரவுட்டரைச் சரிசெய்த கதை

கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் புது ரவுட்டர் மெஷினைப் பூட்டி, அச்சு மூன்றையும் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் வழுவழுவென்று ஓடியது. தேக்குப் பலகையில் முதல் மாங்காய் டிசைனைப் போட்டேன். பாதியில் "அலாரம் 1" என்று நின்றுவிட்டது. வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலை, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி பெட்டியில் கையால் போட்டிருந்ததால் அது மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மரம் கருகி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். வயிறு எரிந்தது.

மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் அலாரம் 1 என்றால், அச்சின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் தட்டியதாக அர்த்தம். ஆனால் எந்தச் சுவிட்சின் பக்கத்திலும் மெஷின் போகவில்லை. ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே ஃபைலை ஓட்டினேன், கடைசிவரை ஓடியது. அப்போதுதான் பிடிபட்டது: விஎஃப்டியின் மின் இரைச்சல் சுவிட்ச் ஒயருக்குள் புகுந்திருக்கிறது. ஸ்பிண்டில் ஒயரையும் சுவிட்ச் ஒயரையும் ஒரே கேபிள் செயினில் நான்தான் சேர்த்துக் கட்டியிருந்தேன்.

ஜிஆர்பிஎல்லில் லிமிட் சுவிட்ச் அலாரத்துக்கான $21 செட்டிங்கை 0 ஆக்கினால் அலாரம் வராது. பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது பாதுகாப்பையே கழற்றி வைப்பது. சுவிட்ச் ஒயரைப் பிரித்துத் தனியாக இழுத்தேன். ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிள் போட்டு, ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்தேன். இரைச்சலை வடிகட்ட, ஒவ்வொரு சுவிட்ச் இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டாக (தட்டாதபோது சர்க்யூட் மூடியிருக்கும்படி) மாற்றி, அதற்கேற்ப சிக்னலைத் தலைகீழாகப் படிக்க $5=1 கொடுத்தேன்; இதில் ஒயர் அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

மறுபடி அதே மாங்காய் டிசைன். மூன்று மணி நேரம், ஒரு அலாரம்கூட இல்லை.