சின்ன விமானமும் மேகமும்: கொங்கு வானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை பீளமேட்டில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் குன்னூரில் எதிரே வரும் ஆள் முகம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே வான்வழியில் சுமார் 45 கிலோமீட்டர்தான்; செஸ்னா என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானத்துக்குக் கால் மணி நேரம் போதும். கிளம்பும் ஊரின் வானத்தைப் பார்த்து, போகிற ஊரின் வானத்தை முடிவு செய்வதுதான் முதல் தவறு. விமான நிலையம் தரும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் ஓடுதளமும் அதைச் சுற்றிய சில கிலோமீட்டரும்தான் இருக்கும். மலைச்சரிவு அதில் வராது.

ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நீலகிரிச் சரிவில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, பள்ளத்தாக்கிலேயே மேகமாகிவிடும். வானத்தின் ஓரத்தில் மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறவருக்கு, கீழிருந்து எழும்பும் இந்த மூட்டம் எச்சரிக்கையே தராது.

2021 டிசம்பர் 8 நமக்கெல்லாம் நினைவிருக்கும். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து 11.48 மணிக்குக் கிளம்பிய எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், 12.15-க்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு வாரம் போராடிப் பார்த்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்றுதான் விமானப்படையின் விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது. இரண்டு எஞ்சினும் தேர்ந்த விமானிகளும் இருந்த பெரிய ஹெலிகாப்டருக்கே அந்த நிலை.

மேகத்துக்குள் என்னதான் நடக்கிறது? நம் உள்காதில் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடம்பு திரும்புவதை உணர்வது அவைதான். ஆனால் மிக மெதுவான திருப்பம் அவற்றுக்குத் தெரியாது. அடிவானம் மறைந்ததும் ஒரு இறக்கை மெல்லச் சாய்கிறது. விமானிக்கோ நேராகப் போவது போலவே இருக்கும். சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், வேகம் கூடும், உயரமானி இறங்கும். உயரம் குறைகிறதே என்று அவர் கண்ட்ரோலைப் பின்னால் இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும், சுருள் வட்டமாகக் கீழே போகும். அந்த நொடியில் கருவி சொல்வது உண்மை, காது சொல்வது பொய். கருவியை நம்புவதற்குப் பயிற்சி வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிடம்கூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்" என்ற நினைப்பைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாக நினைக்கிறேன். திரும்பும் முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும்: பார்வைத் தூரம் இவ்வளவுக்குக் கீழே போனால், மேகத்தின் அடி இந்த உயரத்துக்கு இறங்கினால், திரும்பிவிடுவேன் என்று. பள்ளத்தாக்கின் நடுவே பறப்பதும் தவறு. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். தப்பித் தவறி மேகத்துக்குள் போய்விட்டால் முதலில் இறக்கையைச் சமப்படுத்த வேண்டும். கண் கருவியை விட்டு விலகக் கூடாது. அப்புறம் நொடிக்கு 3 டிகிரி வீதம் நிதானமாகத் திருப்பினால், ஒரு நிமிடத்தில் வந்த திசைக்கே மூக்கு திரும்பிவிடும். மலை நெருங்கியிருந்தால் திரும்புவதோடு ஏறவும் வேண்டும். விமான நிலையக் கட்டுப்பாட்டு டவருக்குச் சொல்லத் தயங்கக் கூடாது.

மேகமே இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கி வரும் அந்தக் காற்று, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது கொந்தளிக்கும். சின்ன விமானத்தின் ஏறும் திறனைவிட வேகமாக அது கீழே அழுத்தலாம். முகட்டில் காற்றின் வேகம் 25 நாட் (knot) அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மலைப்பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. போகத்தான் வேண்டும் என்றால் முகட்டை நேராகக் கடக்காமல் சாய்கோணத்தில் நெருங்க வேண்டும். அப்போதுதான் விலகித் திரும்புவது எளிது.

சித்திரை, வைகாசி மாலைகளில் இடிமேகம். மழை தூரத்தில்தானே பெய்கிறது என்று இறங்க அவசரப்படக் கூடாது. மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபுறமும் பரவும். காட்டில் புழுதி கிளம்பினால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் எதிர்க்காற்று விமானத்தைத் தூக்கும். அடுத்த சில நொடியில் அதுவே பின்காற்றாகி, இறக்கையின் தாங்கும் சக்தியைப் பறித்துவிடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் டெல்டா 191 என்ற பெரிய பயணிகள் விமானமே இப்படித்தான் விழுந்தது. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல்மைல், கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர் தள்ளியிருங்கள்.

கார்புரேட்டர் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள எஞ்சினில், அதற்குள் பனி உறைவது குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிடக் கூடாது. ஈரம் மிகுந்தால் 20, 25 டிகிரி வெப்பத்திலும் உறையும். எஞ்சின் சுற்று காரணமில்லாமல் குறைந்தால் உடனே கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்துவிட வேண்டும்.

கடைசியாக, ஏறி உட்காருகிறவர்கள் செய்யும் தவறு. கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவவும், தேர்தல் கூட்டத்துக்கும் இப்போது நம் பக்கம் ஹெலிகாப்டர் வருகிறது. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க, "போயிரலாமுங்களா?" என்று நாலு பேர் விமானியையே சுற்றி நிற்பார்கள். மரியாதையாகக் கேட்டாலும் அது அழுத்தம்தான். வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்டு மடக்காதீர்கள். பணம் கட்டியாகிவிட்டதே என்று சொல்லாதீர்கள். "சரிங்க, மறுபடி எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?" என்று கேட்டாலே போதும். பூத்தூவலுக்கு நேரம் தள்ளி வைக்க முடியாது என்றால் ஹெலிகாப்டர் இல்லாமலே நடத்த ஏற்பாட்டை முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போக வேண்டியவர்களுக்குக் காரும் டிரைவரும் தயாராக இருக்கட்டும். மேட்டுப்பாளையம் வழியாக மூன்று மணி நேரம்தான்.