கெல்டிக் மெட்டும் ஜாஸும்: நால்வர் வாத்தியக் குழுவை அமைக்கும் முறை

கெல்டிக் இசையின் நாடுகளில் ஒன்றான அயர்லாந்தில் நாட்டிசைக் கலைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும்போது, பிடிலும் குழலும் அக்கார்டியனும் ஒரே மெட்டை ஒன்றாகவே வாசிக்கும். ஜாஸிலோ ஒருவர் மெட்டை எடுத்தால் மற்றவர்கள் அதற்கு இடம்விட்டு விலகி நிற்பார்கள். ஆகையால், இவ்விரண்டையும் கலந்து வாசிக்க விரும்பும் குழு, ராகத்தையும் தாளத்தையும் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே, மெட்டு எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நாங்கள் நால்வர் பயிற்சி செய்தபோது, இந்த ஒன்றைத் தீர்மானிக்காமல் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சமல்ல.

நால்வர் போதும். மொரிஷியஸில் இருப்பதைக் கொண்டே வயலின், கிட்டார், கீழ்ச்சுருதி தரும் பெரிய தந்திவாத்தியமான டபுள் பாஸ், இவ்வூர்த் தோல்வாத்தியமான ரவான் என்று அமைக்கலாம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக வயலின் கற்பிக்கப்படுவதால், அந்தப் பயிற்சியோடு வருபவர்கள் நம்மிடையே கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் மூன்று பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ச-ப-ச-ப என்று சேர்த்திருக்கும் தந்திகளை மேற்கத்திய சுரங்களான ஜி-டி-ஏ-இ என்று மாற்றிச் சேர்ப்பது முதலாவது. தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கால்மேல் தாங்கி வாசிக்கும் நிலையைவிட்டு, தோளில் வைத்து வாசிப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கடினமானது: விரலை இழைத்து எடுக்கும் கமகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தட்டி எடுக்கும் அலங்காரங்களைக் கற்க வேண்டும். 'கட்' என்பது மேலே உள்ள ஒரு சுரத்தை விரலால் ஒரு நொடிப்பொழுது தொட்டுவிட்டு மூலச் சுரத்துக்கு வருவது. 'ரோல்' என்பது மூலச் சுரம், மேற்சுரம், மூலச் சுரம், கீழ்ச்சுரம், மீண்டும் மூலச் சுரம் என்ற ஐந்தையும் ஒரே வில்லோட்டத்தில் உருட்டுவது. இவற்றை இழைத்து வாசித்தால் அந்த மெட்டு அயர்லாந்தை விட்டு மயிலாப்பூருக்கு வந்துவிடும்.

தோல்வாத்தியத்துக்கு அயர்லாந்தின் 'பவ்ரான்' கிடைக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. பவ்ரான், ரவான் இரண்டும் மரவளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்தியவையே. அதைச் சிறு குச்சியால் அடிப்பார்கள், இதைக் கையால் அடிக்கிறோம். 1960களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் இசையமைப்பாளர் ஷான் ஓ ரீயடா தம் குழுவில் சேர்த்துக்கொண்ட பிறகே பவ்ரானுக்குக் கச்சேரி மேடையில் இடம் கிடைத்தது என்பதால், அதற்கு மாற்றாக ரவானைக் கொண்டுவருவது மரபுமீறலும் ஆகாது. மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும். காகிதத்தையோ காய்ந்த ஓலையையோ எரித்து, அந்த அனலில் ரவானைச் சுற்றிக் காட்டி முறுக்கேற்ற வேண்டும். ஒரு மாலையில் அவசரப்பட்டு நான் அதைத் தீநாக்குக்கு மிக அருகில் பிடித்தேன். 'பட்' என்ற ஓசையோடு தோல் விளிம்பிலிருந்து நடுவரை கிழிந்தது. அன்றைய பயிற்சியை அலுமினியத் தட்டில் தட்டி முடித்தோம். அனல் உள்ளங்கைக்கு இதமாகத் தோன்றும் தூரமே தோலுக்கும் போதுமானது.

முதல் மெட்டாக 'ட்ரௌசி மேகி' என்னும் மரபான ரீலைப் பரிந்துரைக்கிறேன். ரீல் என்பது சதுஸ்ர நடையில் விரையும் நடன மெட்டு. கெல்டிக் மெட்டுகளில் பெரும்பாலானவற்றைப் போல இதுவும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. எட்டு எட்டு பார்களான (பார் என்பது ஒரு தாள அளவு, நம் ஆவர்த்தனம் போல) அவற்றை ஒவ்வொன்றும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்றுக்கு 32 பார்கள் ஆகும். பழைய ஜாஸ் பாடல்கள் பலவற்றுக்கும் சுற்றின் நீளம் அதே 32 என்பது இந்தக் கலப்புக்குக் கிடைத்த முதல் வசதி. இரண்டாவது வசதியைக் கர்நாடக இசை தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். முதல் பகுதி இ சுருதியைச் சட்ஜமாகக் கொண்ட கரகரப்பிரியா. மேற்கத்தியர் அதை டோரியன் என்பார்கள். இரண்டாம் பகுதி டி சுருதியைச் சட்ஜமாகக் கொண்ட சங்கராபரணம். சங்கராபரணத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா வரும் என்ற கிரகபேதமே இந்த மெட்டின் முழு அமைப்பும். ஆகையால் விரல்கள் புதிய சுரம் எதையும் தேட வேண்டியதில்லை.

1959இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவினர் டோரியனிலேயே நெடுநேரம் தங்கி வாசித்த பதிவு, கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அடிக்கடி மாற்றாமலும் ஜாஸ் வாசிக்கலாம் என்று காட்டியது. அதில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் பயன்படுத்திய சுர அடுக்கைக் கிட்டாரில் பெறுவது எளிது: தடித்த தந்தியிலிருந்து முதல் ஐந்து தந்திகளை விரல் வைக்காமல் மீட்டினால் இ, ஏ, டி, ஜி, பி என்று அதே அடுக்கு ஒலிக்கும். முதல் பகுதிக்கு இதுவே போதும். பகுதியின் முடிவில் டி கார்டுக்கு வந்து, இரண்டாம் பகுதியில் டி, ஏ இரண்டையும் மாற்றி வாசிக்கலாம். ஜாஸ் படித்த கிட்டார் கலைஞர் எட்டுக் கார்டுகளை நுழைக்க முயல்வார். அவரை அன்போடு தடுக்க வேண்டும்.

இனி மெட்டு யார் கையில் என்ற கேள்விக்கு வரலாம். முதல் சுற்றில் வயலின் தனியே மெட்டை வாசிக்க, பாஸ் இ சுருதியைத் தம்பூரா போல நீட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டாம் பகுதி தொடங்கும்போது அது டி சுருதிக்கு இறங்க வேண்டும், இல்லையெனில் சங்கராபரணம் ஊன்றாது. இரண்டாம் சுற்றில் கிட்டாரும் அதே மெட்டைச் சேர்ந்து வாசித்து, கெல்டிக் கூட்டிசையின் சுவையை ஒருமுறை முழுமையாகத் தரட்டும். மூன்றாம் சுற்றில் வயலின் கற்பனையில் இறங்கலாம்; ஆனால் முதல் எட்டு பார்களில் மெட்டின் எலும்புக்கூடு, அதாவது ச-பச-நிசபச என்று கீழ்ச் சட்ஜத்துக்கே திரும்பித் திரும்பி வரும் அசைவு, காதில் விழ வேண்டும். நான்காம் சுற்றில் கிட்டார் கற்பனை செய்யும்போதுதான் பாஸ் அடிக்கொரு சுரமாக நடக்கத் தொடங்கலாம். அப்போது வயலின் ஓய்ந்திருக்க வேண்டும், அல்லது வில்லை விட்டு விரலால் மீட்டும் பிட்சிகாட்டோவில் இரண்டு மூன்று சுரங்களோடு நிற்க வேண்டும். வயலின்காரருக்குச் சும்மா இருப்பதே சுகமில்லை என்பதால் இதற்குத் தனிப் பயிற்சி தேவை. ஐந்தாம் சுற்றில் அனைவரும் மெட்டுக்குத் திரும்பி, கடைசிச் சுரத்தில் சட்டென்று நிறுத்துங்கள்.

தாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ரீலின் சிறு சுரங்களில் முதலாவது சற்றே நீண்டு இரண்டாவது குறுகினாலும், அந்தச் சாய்வு ஸ்விங் எனப்படும் ஜாஸ் சாய்வின் அளவுக்கு ஆழமானதன்று. வயலின் ஒரு விதமாகவும் கிட்டார் வேறு விதமாகவும் சாய்ந்தால் குழு நொண்டும். பொதுச் சாய்வு ஒன்றைப் பழக, தாளக் கருவியான மெட்ரோனோமை 2, 4 ஆகிய அடிகளில் மட்டும் ஒலிக்கவிட்டு, விரைவைப் பாதியாகக் குறைத்து வாசியுங்கள்.

ரீல் கைவந்த பிறகு ஜிக் என்னும் இன்னொரு நடன மெட்டு வகையை எடுக்கலாம். அதற்கும் மொரிஷியஸின் நடன இசையான நம் சேகாவுக்கும் ஒரே ஆறு எண்ணிக்கை; ஆனால் ஜிக் அதை மூன்று மூன்றாக நேராகப் பிரிக்க, சேகா அதையே இரண்டிரண்டாகவும் பிரித்து இழுக்கும். ரவான்காரரிடம் மெட்டு ஒலிக்கும் சுற்றுகளில் ஜிக்காகவும் கற்பனைச் சுற்றுகளில் சேகாவாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இந்த இடம் வரும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி சுவருக்கு அப்பாலிருந்து கை தட்டத் தொடங்கிவிடுவார்.